அப்பாவின் 22 லட்சம், மாதச் செலவு 25,000: எப்படிப் பிரித்துப் போடுவது?

பீளமேட்டுப் பையன்:
அப்பாவுக்கு 69, அம்மாவுக்கு 64. மில் வேலையில் ரிடையர் ஆனவர். ஈபிஎஸ் பென்ஷன் மாதம் 2,300. பிஎஃப், கிராஜுவிட்டி சேர்ந்து 22 லட்சம் ஒரே பேங்கின் சேவிங்ஸ் கணக்கில் கிடக்கிறது. சொந்த வீடு, கடன் இல்லை. மளிகை, பால், மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ஆகிறது. அப்பாவுக்கு சுகரும் பிபியும் உண்டு. நானும் அண்ணனும் கேட்கும்போது அனுப்புகிறோம். பணத்தை எங்கே போடலாம்? நாங்கள் எவ்வளவு தர வேண்டும்? வீட்டை இப்போதே அண்ணன் பெயருக்கு செட்டில்மென்ட் எழுதலாமா என்றும் பேச்சு ஓடுகிறது. 12% வட்டி தருகிறோம் என்று ஒரு ஏஜென்ட் வேறு வீட்டுக்கே வந்து போகிறார்.

வட்டிக்கணக்கு:
ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 60 தாண்டியவர்களுக்கான சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்திலேயே 8.2% கிடைக்கிறது, பின்னால் நிற்பது அரசாங்கம். 12% என்றால் அந்த மிச்ச வட்டிக்கு யாருடைய அசல் பணயம் என்று யோசியுங்கள். சேவிங்ஸில் விட்டு வைப்பதும் சரியில்லை. வட்டி அற்பம், ஒரு பேங்கில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு.

நான் பிரிப்பது இப்படி. 13 லட்சம் சீனியர் சிட்டிசன் திட்டத்தில், அப்பா பெயரில் ஆறரை, அம்மா பெயரில் ஆறரை. 6 லட்சம் தபால் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில், இருவர் பெயரிலும் ஜாயின்ட். மீதி 3 லட்சம் ஆஸ்பத்திரிக்கு. எப்போது வேண்டுமானாலும் உடைக்கும்படி ஒரு லட்சமாக மூன்று எஃப்டி.

சீனியர் சிட்டிசன் திட்டம் வருடத்துக்கு 1,06,600 தரும், மாதக் கணக்கில் 8,883. மாத வருமானத் திட்டம் 7.4% வீதம் மாதம் 3,700. பென்ஷனோடு 14,883. குறைவது 10,100 சொச்சம், அதாவது ஆளுக்கு ஐயாயிரம். "கேட்கும்போது" என்பதை விட்டுவிட்டு, மாதம் 3-ம் தேதி தானாகப் போகும்படி பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுங்கள். பெற்றவர்கள் கேட்டு வாங்கும் நிலைமை இருக்கக் கூடாது.

சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சீனியர் சிட்டிசன் வட்டி மாதாமாதம் வராது. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி 1-ம் தேதிகளில்தான் வரும். பிப்ரவரி 20-ல் போட்டால் ஏப்ரல் 1-ல் நாற்பது நாள் வட்டிதான் விழும். "என்னடா இவ்வளவுதானா" என்று அப்பா பதறுவார். ஆரம்பத்திலேயே 27,000 ரூபாயைச் செலவுக் கணக்கில் முன்பணமாக விட்டால் இந்த இழுபறி இருக்காது. வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு வட்டி கிடையாது.

சீனியர் சிட்டிசன் கணக்கை அப்பா பென்ஷன் வாங்கும் பேங்கிலேயே திறக்கலாம். ஆதார், பான், போட்டோ, செக் போதும். அம்மாவுக்கு பான் இல்லையென்றால் முதலில் அதை எடுங்கள். நாமினியாக இவருக்கு அவர், அவருக்கு இவர் மட்டும். துணை மட்டுமே நாமினி என்றால் ஒருவர் போனபின்பும் கணக்கை முதிர்வு வரை அதே வட்டியில் தொடரலாம். ஐந்து வருடம் முடிந்ததும் நீட்டிக்க விண்ணப்பம் கொடுக்காவிட்டால் சேவிங்ஸ் வட்டிக்கு இறங்கிவிடும். முதல் வருடத்துக்குள் உடைத்தால் கொடுத்த வட்டியையும் பிடித்துக்கொள்வார்கள். அதனால்தான் அந்த 3 லட்சத்தை வெளியே வைப்பது.

வரிப்படிவம்:
மேலே சொன்னதோடு ஒன்று. 2025-26 கணக்குப்படி சீனியர்களுக்கு ஒரு இடத்தில் வருட வட்டி 1 லட்சம் தாண்டினால்தான் டிடிஎஸ், அதாவது வட்டியிலிருந்தே வரி பிடிப்பது. 13 லட்சத்தையும் அப்பா பெயரிலேயே போட்டால் 1,06,600 ஆகிவிடும்; வரி பிடிக்க வேண்டாம் என்று எழுதித் தரும் 15ஹெச் படிவத்தைக் கொடுக்க மறந்தால் 10% பிடிப்பார்கள், ரிட்டர்ன் போட்டுத்தான் மீட்க முடியும். இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 53,300, தொல்லை இல்லை. அதே பேங்கில் எஃப்டியும் இருந்தால் அந்த வட்டியும் சேரும், கூட்டிப் பாருங்கள்.

அப்பா பணத்தை அம்மா பெயரில் போட்டால் வட்டி அப்பாவின் வருமானமாகவே சேரும். இங்கே பென்ஷன், எஃப்டி வட்டி எல்லாம் சேர்த்தாலே சுமார் 2 லட்சம்தான் என்பதால் வரி கிடையாது. பிள்ளைகள் பெற்றோருக்குக் கொடுக்கும் பணத்துக்கு அந்தச் சேர்ப்பு இல்லை. வாங்குபவருக்கும் வரி இல்லை. அனுப்புவதற்கு உங்களுக்கு வரிச்சலுகையும் இல்லை.

பாலிசி பிரித்துப் படிப்பவள்:
மூன்று லட்சம் இதய அடைப்பு நீக்கும் ஒரு ஆஞ்சியோபிளாஸ்டிக்கே போய்விடும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து காப்பீட்டு பிரீமியத்தைத் தனியாக ஏற்றுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. சுகர், பிபியை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம்தான். மறைத்தால் கிளெய்ம் அங்கேயே நின்றுவிடும். அறை வாடகை வரம்பு வைத்த பாலிசியைத் தவிருங்கள். வரம்பு 5,000, எடுத்த அறை 8,000 என்றால் டாக்டர், தியேட்டர் கட்டணத்தையும் எட்டுக்கு ஐந்து என்றே வெட்டுவார்கள்; 80,000-க்கு 50,000-தான் வரும்.

முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருட வருமான வரம்பு 1,20,000. உங்கள் வீடு தாண்டிவிட்டது. அப்பாவுக்கு 70 நிறைந்ததும் மத்திய அரசின் மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை, வருடம் 5 லட்சம். ஆதாரில் உள்ள வயதுதான் கணக்கு. பிறந்த தேதி தப்பென்றால் இப்போதே திருத்துங்கள். போகிற ஆஸ்பத்திரி பட்டியலில் உண்டா என்று அங்கேயே கேளுங்கள்.

பத்திரம் எழுத்து:
வீட்டை எழுதாதீர்கள். செட்டில்மென்ட் பதிவானால் மனசு மாறியது என்று அப்பா தானே ரத்து செய்ய முடியாது. குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1%, உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, உச்சம் 10,000. மலிவு என்பதாலேயே அவசரப்படுகிறார்கள். உயில் எழுதினால் இரண்டு சாட்சி போதும், எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

எழுதியே ஆக வேண்டும் என்றால், இருவருக்கும் ஆயுள்கால அனுபவ உரிமையும், பராமரிக்கும் நிபந்தனையும் பத்திரத்திலேயே இருக்கட்டும். பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007-ம் வருட மூத்த குடிமக்கள் சட்டம் 23-ம் பிரிவில் கோட்டாட்சியரிடம் போக அந்த வரிதான் பிடிமானம். வாய்ப்பேச்சை மட்டும் நம்பாதீர்கள்.

பீளமேட்டுப் பையன்:
நன்றிங்க. வீட்டு வரி, ஈபி பில் எந்தக் கணக்கில் வரும்?

வட்டிக்கணக்கு:
ஈபி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அது 25,000-க்குள். வீட்டு வரியை ஏப்ரல், அக்டோபர் வட்டி வந்தவுடன் கட்டச் சொல்லுங்கள். ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் மாநகராட்சியில் 5% குறைப்பார்கள்.