ஒயிட்ஃபீல்டில் ஒரு ஏக்கரில் ஆபீஸ் கட்டடம்: பின்னால் ராஜகாலுவே, கீழே மூன்று பேஸ்மென்ட், எதை முதலில் முடிவு செய்வது?

கோபி_மகாதேவபுரம் (கேள்வி)

வணக்கம். பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு ஏக்கர் நிலம், 4,047 சதுர மீட்டர். முன்புறம் 55 மீட்டர், ஆழம் சுமார் 73.6 மீட்டர். வாடகைக்கு விடும் ஆபீஸ் கட்டடம் திட்டம். ஆர்க்கிடெக்ட் கொடுத்த கணக்கு: எஃப்.ஏ.ஆர் (நிலப்பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 2.5, அதாவது 10,117 ச.மீ. தரைத்தளத்தோடு சேர்த்து ஏழு தளம், ஒவ்வொன்றும் 3.9 மீட்டர் உயரம். மூன்று பேஸ்மென்ட், ஒவ்வொன்றும் 2,700 ச.மீ. முகப்பு முழுக்கக் கண்ணாடி.

நிலத்தின் பின் எல்லையை ஒட்டி ஒரு சின்னக் கால்வாய் (ராஜகாலுவே, அதாவது மழைநீர்க் கால்வாய்) போகிறது. இப்போது பார்த்தால் வறண்ட வாய்க்கால் மாதிரிதான் இருக்கிறது. அதிலிருந்து 75 மீட்டர் கட்டாமல் விட வேண்டும் என்கிறார் ஒருவர், ஒன்றுமே விட வேண்டாம் என்கிறார் இன்னொருவர். சுற்றுச்சூழல் அனுமதி தேவையா? மழைநீர், எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) எல்லாம் எந்த அளவில் வைப்பது? பத்து வருடம் கழித்தும் ஓடுகிற கட்டடமாக இருக்க வேண்டும், பேப்பரில் மட்டும் பச்சையாக இருந்தால் போதாது.

நிலவரை

முதலில் கால்வாய். 75 மீட்டர் என்பது 2016 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் ஏரிகளுக்குச் சொன்ன எண். கால்வாய்களுக்கு அப்போது சொன்னது 50, 35, 25. அந்த பஃபர் (கட்டாமல் விடும் இடைவெளி) உத்தரவை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. ஆக, பெங்களூரின் 2015 மாஸ்டர் பிளானில் உள்ளதுதான் உங்களுக்கு அளவுகோல்: முதல்நிலைக் கால்வாய்க்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15. மூன்றும் கால்வாயின் *மையத்திலிருந்து*. கரையிலிருந்து அளந்து காட்டும் ஆள் உங்கள் நிலத்தைத் தேவையில்லாமல் குறைக்கிறார். மையம் எல்லைக்கு வெளியே இருந்தால், எல்லைச் சுவரிலிருந்து அளப்பவரும் அப்படித்தான்.

உங்களுடையது மூன்றாம் நிலை, மையம் உங்கள் எல்லைக்கு வெளியே 2 மீட்டரில் என்று வைத்துக்கொண்டால் உள்ளே 13 மீட்டர் போகும். 13 × 55 = 715 ச.மீ. இது நஷ்டம் என்று நினைக்காதீர்கள். கால்வாயை ஒட்டிய இந்தப் பகுதியை (விதியில் இதன் பெயர் பள்ளத்தாக்கு) பூங்காவாகப் பராமரித்தால் கட்டாயத் திறந்தவெளிக் கணக்கில் அதைச் சேர்க்க விதியிலேயே இடமிருக்கிறது. தண்ணீர் போக்கைத் தடுக்காத பாதை, வடிகால், குழாய், எஸ்.டி.பி. ஆகியவையும் அங்கே அனுமதி. (எஸ்.டி.பி.யை அங்கே வைக்கச் சொல்ல மாட்டேன், காரணம் கீழே யாராவது சொல்வார்கள்.)

ஆனால் எந்த நிலைக் கால்வாய் என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கிராம நக்ஷாவை (வரைபடத்தை) எடுங்கள். கர்நாடக அரசின் திஷாங்க் ஆப்பில் சர்வே எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம், அது திசை காட்ட மட்டும்தான். கடைசி வார்த்தை நில அளவைத் துறை சர்வேயர் அளந்து கையெழுத்திட்ட ஸ்கெட்ச். அதில் "பி-கராப்" என்று ஏதாவது துண்டு உங்கள் சர்வே எண்ணுக்குள் வந்தால் அது அரசு நிலம். எஃப்.ஏ.ஆர் கணக்கிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். இதைச் செய்யாமல் 4,047-ஐ 2.5-ஆல் பெருக்குவதில் அர்த்தமில்லை. 10,117 என்ற எண்ணே மாறிவிடும்.

இன்னொன்று உயரம். ஹெச்.ஏ.எல். ஓடுபாதை பக்கத்தில்தான் இருக்கிறது. விமான நிலைய ஆணையத்தின் உயர அனுமதியில் எழுதியிருப்பது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று. பெங்களூர் தரையே 900 மீட்டருக்குப் பக்கத்தில். உங்கள் மனையின் தரைமட்டத்தைத் தப்பாகக் கொடுத்தால் மேல்தளம் கைவிட்டுப் போகும்.

பேஸ்மென்ட்_கணக்கு

நிலவரை சார் சொன்னது எல்லாம் சரி. நான் பேஸ்மென்ட் பக்கம் வருகிறேன், ஏனென்றால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டுமா என்பது அங்கேதான் தீர்மானமாகிறது.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 20,000 ச.மீ. கட்டுமானப் பரப்பைத் தொட்டால் மாநில ஆணையத்தின் அனுமதி வேண்டும். இங்கே பலரும் வழுக்கி விழும் இடம்: எஃப்.ஏ.ஆருக்கு பார்க்கிங் பேஸ்மென்ட் சேராது, ஆனால் இந்தக் கணக்குக்கு பேஸ்மென்ட், சர்வீஸ் பகுதி உட்பட எல்லாத் தளமும் சேரும். உங்கள் கணக்கு: 10,117, மூன்று பேஸ்மென்டுக்கு 8,100, படிக்கட்டு, ஷாஃப்ட், சர்வீஸ் தளம் என்று சுமார் 1,800. மொத்தம் 20,017. பதினேழு சதுர மீட்டரில் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விட்டீர்கள்.

மூன்றாவது பேஸ்மென்ட் நிஜமாகத் தேவையா? ஆபீஸுக்கு 50 ச.மீ.க்கு ஒரு கார். 10,117-ஐ 50-ஆல் வகுத்தால் 203. பாதை, ரேம்ப் எல்லாம் சேர்த்து ஒரு காருக்கு 32 ச.மீ. போட்டால் இரண்டு பேஸ்மென்டில் 168 கார் நிற்கும். பாக்கி 35. கீழ் பேஸ்மென்டின் ஒரு மூலையில் இரண்டடுக்கு ஸ்டேக்கர் (ஒரு காருக்கு மேல் இன்னொன்றைத் தூக்கி நிறுத்தும் இயந்திரம்) 35 வைத்தால் முடிந்தது. அந்த மூலையில் பீம், டக்ட், ஸ்பிரிங்க்ளர் குழாய்க்குக் கீழே 3.6 மீட்டர் சுத்தமாக வேண்டும். ஸ்டேக்கரின் மாதிரியையும் இந்த உயரத்தையும் பிளானிலேயே காட்டிவிடுங்கள். கீழ் வண்டி நகர்ந்தால்தான் மேல் வண்டி இறங்கும், ஆகவே ஒரே கம்பெனி ஊழியர்களுக்கு ஒதுக்குங்கள். விசிட்டருக்கு வைத்தால் தினம் சண்டை.

இப்போது மொத்தம் 17,317. அனுமதியைத் தவிர்ப்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரு பேஸ்மென்ட் குறைந்தால் 8,000 கன மீட்டருக்கு மேல் வெட்டு மிச்சம், இங்கே கீழே போகப் போகக் கருங்கல் பாறைதான். வெட்டிய மண் தளர்ந்து பருமன் கூடும், 14 கன மீட்டர் டிப்பர் என்றால் 750 நடை. சாலை, தூசி, டீசல் எல்லாம் அந்த 750-க்குள் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. "இரண்டு பிளானாகப் பிரித்துப் போடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒரே ரேம்ப், ஒரே எஸ்.டி.பி., ஒரே மின் இணைப்பு என்றால் அது ஒரே திட்டம். மூன்றாவது பேஸ்மென்ட் வேண்டும் என்றே முடிவானால் முறையாக அனுமதி வாங்குங்கள். கைக்கு வரும்வரை வேலி போடுவதோடு நிறுத்த வேண்டும், தோண்ட ஆரம்பித்தாலே மீறல்.

அடுத்து தள உயரம். 3.9 × 7 = 27.3 மீட்டர். 24-லிருந்து 27 மீட்டர் வரை சுற்றிலும் 9 மீட்டர் செட்பேக் (எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி), 27-ஐத் தாண்டினால் 10. தளத்துக்கு 5 செ.மீ. குறைத்து 3.85 வைத்தால் 26.95. பாரபெட், லிப்ட் ரூம் இந்தக் கணக்கில் வராது. உங்கள் மனையில் ஒரு மீட்டர் பெரிய விஷயமில்லை என்றாலும் அந்த ஒரு மீட்டர் நான்கு பக்கமும் மரத்துக்குப் போகும்.

ஈரமண்

மழைநீருக்கு, கூரைக்கு ச.மீ.க்கு 60 லிட்டர், தளம் பாவிய இடத்துக்கு 30 லிட்டர் என்று வைத்துக் கணக்கிடுங்கள். கூரை 1,400 ச.மீ. என்றால் 84 கிலோலிட்டர், பாவிய இடம் 1,200 என்றால் 36. கூரை நீருக்கு 7 × 4 × 3 மீட்டர் தொட்டி. பாவிய இடத்து நீருக்கு 1.2 மீட்டர் விட்டம், 8 மீட்டர் ஆழத்தில், நீரை மண்ணுக்குள் இறக்கும் நான்கு உறை கிணறு. ஒவ்வொன்றும் சுமார் 9 கிலோலிட்டர் பிடிக்கும்.

எண்ணை விட இடம்தான் முக்கியம். பெரும்பாலான பிளானில் கிணறுகளை செட்பேக்கில், பேஸ்மென்ட் சுவரை ஒட்டி வரைந்திருப்பார்கள். பேஸ்மென்ட் 8 மீட்டர் ஆழம், கிணறும் 8 மீட்டர். மண்ணுக்குள் விட்ட தண்ணீர் சுவர் வழியே கசிந்து பேஸ்மென்டின் சம்ப்புக்கு (தண்ணீர் சேரும் குழிக்கு) வரும், பம்ப் அதை இறைத்து வடிகாலில் கொட்டும். இதற்கு மின்கட்டணம் வேறு! செட்பேக்கில் தீயணைப்பு வண்டிப் பாதையும் வர வேண்டும்: 6 மீட்டர் அகலம், 45 டன் தாங்கும் தளம். சாதாரண கிணற்று மூடி அதில் உடையும். அந்தப் பாதையில் மரம் நடவும் முடியாது.

அதனால்தான் அந்த 715 ச.மீ. பஃபர் உங்களுக்குத் தங்கம். பேஸ்மென்ட் இல்லாத உண்மையான மண் அங்கே மட்டும்தான். நான்கு கிணறும் அங்கே, பேஸ்மென்ட் சுவரிலிருந்து எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி. பெரிய மரங்களும் அங்கே. ஒவ்வொரு கிணற்றுக்கும் முன்னால் வண்டல் தொட்டி, வண்டி நிற்கும் இடத்து நீர் என்றால் எண்ணெய்ப் பொறியும். வண்டல் தொட்டியை மழைக்கு முன் ஒருமுறை, இடையில் ஒருமுறை சுத்தம் செய்யாவிட்டால் இரண்டே வருடத்தில் கிணற்றின் அடி சேறு பிடித்து அடைத்துவிடும்.

வெள்ளம்: 2022 செப்டம்பரில் அவுட்டர் ரிங் ரோடு பக்கம் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். ரேம்ப் தொடங்கும் இடத்தில் சாலை மட்டத்துக்கு மேல் 450 மி.மீ. முகடு வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர், ஜெனரேட்டர் பேனல் எதுவும் பேஸ்மென்டில் வேண்டாம். எஸ்.டி.பி.யை பஃபரில் வைக்க வேண்டாம் என்பதும் இதனால்தான். கால்வாய் நிரம்பினால் முதலில் மூழ்குவது அதன் மோட்டார்கள்.

கோபி_மகாதேவபுரம்

மூவருக்கும் நன்றி சார். மூன்றாவது பேஸ்மென்டை எடுத்துவிடச் சொல்லி ஆர்க்கிடெக்டிடம் பேசுகிறேன். இரண்டு சந்தேகம். எஸ்.டி.பி. 45 கிலோலிட்டர் ஒரே யூனிட் போதுமா? கண்ணாடி முகப்பை வாடகைக்கு வருபவர்கள் விரும்புகிறார்கள், அதை என்ன செய்வது?

கழிவுநீர்_தாத்தா

தம்பி, ஆபீஸ் எஸ்.டி.பி. வீட்டு எஸ்.டி.பி. இல்லை. இதை மறந்துதான் பாதி இடத்தில் நாறுகிறது.

10 ச.மீ.க்கு ஒருவர் என்றால் 1,000 பேர். ஆளுக்கு 45 லிட்டர், அதில் 20 ஃப்ளஷ்ஷுக்கு. கழிவாக வருவது சுமார் 40 கிலோலிட்டர். ஆனால் இன்றைய வேலைமுறையில் செவ்வாய், புதன் நிறைய பேர், வெள்ளி கொஞ்சம், சனி ஞாயிறு யாருமில்லை. 45-க்கு ஒரே யூனிட் போட்டால் வார இறுதியில் நுண்ணுயிர்கள் பட்டினி, திங்கள் காலை நுரை. 20 கிலோலிட்டரில் இரண்டு வரிசை போடுங்கள். ஆள் குறைந்த மாதத்தில் ஒன்றை நிறுத்தலாம். சமன்தொட்டி (வரும் கழிவைத் தேக்கிச் சீராக விடும் தொட்டி) முழு ஒரு நாள் அளவுக்கு இருக்கட்டும்.

அடுத்து அம்மோனியா. ஆபீஸில் சமையல், குளியல் தண்ணீர் இல்லை, சிறுநீர்தான் அதிகம். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட்டாக மாற்ற 7.1 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். லிட்டருக்கு 60 மி.கி. வந்தால் 426 வேண்டும். நீரில் 300-தான் இருந்தால் பி.எச். இறங்கி, நைட்ரஜன் வேலை அப்படியே நின்றுவிடும். ஆபரேட்டர் ப்ளோயரை (காற்று ஊதும் இயந்திரத்தை) கூட்டுவார், அதனால் ஒன்றும் ஆகாது. ஏரேஷனுக்கு முன்னால் காற்றில்லாத் தொட்டி ஒன்று வைத்து நைட்ரேட் நீரைத் திருப்பிவிட்டால் செலவான காரத்தன்மையில் பாதிவரை திரும்பக் கிடைக்கும். பாக்கிக்கு சோடா டோசிங். இதை டெண்டரிலேயே எழுதுங்கள். பிறகு கேட்டால் "எங்கள் ஸ்கோப்பில் இல்லை" என்பார்கள்.

சுத்திகரித்த நீரில் 20 கிலோலிட்டர் ஃப்ளஷ்ஷுக்குப் போகும். மிச்சத்தைக் கூலிங் டவருக்கு விடுவதானால் அம்மோனியா சரியாக இறங்கியிருக்க வேண்டும், இல்லையென்றால் செம்புக் குழாய்களை அரித்துவிடும். முன்னால் அல்ட்ரா ஃபில்ட்ரேஷனும் சாஃப்டனரும் வையுங்கள். இரட்டைக் குழாயை (நல்ல நீருக்கு ஒன்று, சுத்திகரித்த நீருக்கு ஒன்று) முதல் நாளிலிருந்தே வேறு நிறத்தில் போடுங்கள். கட்டுமானத்துக்கும் சுத்திகரித்த நீர்தான். 2024 மார்ச் தட்டுப்பாட்டில் குடிநீரைக் கட்டுமானத்துக்கு எடுத்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் தடை போட்டது ஞாபகம் இருக்கும்.

பேஸ்மென்ட்_கணக்கு

கண்ணாடிக்கு நான் சொல்கிறேன். 100 கிலோவாட் இணைப்பைத் தாண்டுவதால் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதி உங்களுக்குப் பொருந்தும். அதன் 2017 பதிப்பின் நேர்வழியில் (பட்டியலில் உள்ள வரம்புகளை அப்படியே கடைப்பிடிக்கும் வழியில்) சுவரில் ஜன்னல் பங்கு 40 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பெங்களூரில் வடக்கு உட்பட எல்லாத் திசைகளிலும் கண்ணாடியின் வெப்ப ஊடுருவல் கெழு (வெயில் வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு) 0.27-க்குள், யு மதிப்பு (வெப்பத்தைக் கடத்தும் அளவு) 3.0-க்குள். முழுக் கண்ணாடி வேண்டுமென்றால் மொத்தக் கட்டட சிமுலேஷன் வழியில் போய், ஏ.சி., விளக்கு, கூரை எல்லாவற்றிலும் ஈடுகட்டிக் காட்ட வேண்டும். செலவு அங்கே ஏறும்.

என் கருத்து: வடக்கில் தாராளமாகக் கண்ணாடி, கிழக்கு மேற்கில் லிப்ட், படிக்கட்டு, கழிவறை. தெற்கில் 600 மி.மீ. நிழல் பலகை. பெங்களூர் வெயிலுக்கு மேற்கு முகம் கண்ணாடியாக இருக்கவே கூடாது. வாடகைக்கு வருபவர் பார்ப்பது சாலைப்பக்கம் மட்டும்தானே.

கடைசியாக, மகாதேவபுரம் இப்போது பெங்களூர் கிழக்கு மாநகராட்சியில், பிளான் அங்கேதான் போகும். பிளானில் இருப்பதும் கட்டுவதும் ஒன்றாக இருக்கட்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, குடியேற்றச் சான்று இல்லாமல் நிரந்தர மின், நீர் இணைப்பு கிடைப்பதில்லை. ஸ்டேக்கர் மூலையை வேறு எதற்காவது அடைத்துவிட்டால் 35 கார் குறையும், சான்று அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

நிலவரை

கோபி, ஆர்க்கிடெக்டிடம் பேசுவதற்கு முன் சர்வே ஸ்கெட்சை வாங்கிவிடுங்கள். கால்வாய் இரண்டாம் நிலை என்று வந்தால் 13 மீட்டர் 23 ஆகும், பேஸ்மென்ட் 2,700 ச.மீ. வராது, மேலே போட்ட பார்க்கிங் கணக்கு மொத்தமும் திரும்பப் போட வேண்டியிருக்கும்.