தாய் வெளியே சொல்ல அஞ்சுகிறார், மகன் படிப்பில் சரிகிறான்: எங்கே உதவி கேட்பது?

துணைப்பாட ஆசிரியை, ஈசூன்:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் தமிழ் படிக்கும் உயர்நிலை மூன்று மாணவன் ஒருவன் சில மாதங்களாக வகுப்பில் உறங்கிவிடுகிறான். சென்ற வாரம் காரணம் கேட்டபோது, இரவில் அப்பா அம்மாவை அடிப்பதாகவும், மறுபடியும் தொடங்கிவிடுமோ என்ற பயத்தில் விழித்தே இருப்பதாகவும் சொன்னான். தாயார் தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்தவர். இங்கே தங்குவதற்கான நீண்டகால வருகை அனுமதியில் இருக்கிறார். நான் மெல்லக் கேட்டதற்கு, “வெளியே தெரிந்தால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், பையனைப் பிரித்துவிடுவார்கள், யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் டீச்சர்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நெருக்கடி நேரத்தில் உதவும் நிலையங்கள் உண்டென்று அறிவேன். ஆனால், அங்கே போனால் அவர் உடனே கணவரை விட்டுப் பிரிய வேண்டியிருக்குமா? பையனுக்கு அவர்கள் என்ன செய்வார்கள்?

ஓய்வுபெற்ற சமூக ஊழியர்:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பிரிந்து வந்தால்தான் உதவி என்று எந்த நிலையமும் நிபந்தனை விதிப்பதில்லை. இந்தத் தவறான எண்ணத்தாலேயே நம் பெண்கள் பலர் ஆண்டுக்கணக்கில் வாய் திறவாமல் இருந்துவிடுகிறார்கள் என்பது என் பணிக்கால அனுபவம். சமூக ஊழியர் முதலில் கேட்பது, இன்று இரவு அந்த வீட்டில் இருப்பது பாதுகாப்பானதா என்பதைத்தான். அடி எப்போது தொடங்குகிறது, கழுத்தை நெரித்ததுண்டா, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதுண்டா, கடப்பிதழ் யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் கேட்டு ஆபத்தின் அளவை மதிப்பிடுவார். பின்னர் அந்தத் தாயின் விருப்பத்தையும் கேட்டு, வீட்டிலேயே இருந்தாலும் பின்பற்றக்கூடிய ஒரு பாதுகாப்புத் திட்டத்தை அவருடன் சேர்ந்து வகுப்பார்.

1800-777-0000 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. நீங்களே அழைத்து ஆலோசனை கேட்கலாம். குடும்ப வன்முறைக்கென்றே 1999ல் தொடங்கப்பட்ட பேவ் (PAVE) போன்ற சிறப்பு நிலையங்களும் இருக்கின்றன. நம் சமூகத்தாரிடம் பேசுவது அவருக்கு எளிதென்றால், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்திலிருந்து தொடங்கலாம்.

மாதர் சாசனம் என்ற சட்டத்தின்கீழ்த் தனிநபர் பாதுகாப்பு உத்தரவு (அடிக்கக்கூடாது என்று நீதிமன்றம் இடும் ஆணை) கேட்பதற்குக் குடியுரிமை தேவையில்லை. ஆபத்து உடனடியானது என்று நீதிமன்றம் கருதினால், விசாரணை முடியும்வரை காத்திராமல் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கும். பலரும் அறியாத ஒன்று, வீடு கணவரின் பெயரிலேயே இருந்தாலும், அவர் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஆணையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேற வேண்டியவர் எப்போதும் அடிபட்டவர்தான் என்பதில்லை. 2025 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, உடல்ரீதியான தாக்குதலுடன் பாலியல் கொடுமையும் மனரீதியான கொடுமையும் குடும்ப வன்முறையாகத் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. ‘அனுமதியை ரத்து செய்ய வைப்பேன்’ என்று கணவர் மிரட்டிவந்தால், அதையும் அந்தத் தாய் சமூக ஊழியரிடம் மறக்காமல் சொல்லட்டும்.

மகனைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். தன்மேல் அடி விழாவிட்டாலும் அவனும் பாதிக்கப்பட்டவன். அவனுக்கென்று தனி ஆலோசகர் தேவை, பள்ளி ஆலோசகருக்கும் தெரிய வேண்டும். “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அவன் பாதுகாப்புக்காகச் சிலரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும், யாரிடம் எதற்காகச் சொல்கிறீர்கள் என்பதையும் முன்கூட்டியே அவனிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிப்பது வேறு வழியே இல்லாதபோது எடுக்கப்படும் முடிவு. சண்டை மூளும்போது பெற்றோருக்கு நடுவே போய் நிற்கக்கூடாது என்பதை மட்டும் அவன் மனத்தில் பதியச் செய்யுங்கள். அந்த வயதுப் பையன்கள் அப்படித்தான் காயமடைகிறார்கள். காவல்துறையின் 999ஐ அழைத்துப் பேச முடியாத நிலையில் 70999க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். புளோக் எண்ணும் வீட்டு எண்ணும் அதில் இருக்க வேண்டும்.

இரு பிள்ளைகளின் தாய்:

நான் என் பிள்ளைகளுடன் ஒரு காப்பகத்தில் தங்கியிருந்தவள். அதன் பெயரைச் சொல்லமாட்டேன். இருக்குமிடம் வெளியே தெரியாமல் இருப்பதே அங்குள்ளவர்களுக்குப் பாதுகாப்பு. பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு நிற்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போன நாளில் காப்பக ஊழியர் ஒருவர் என்னுடன் வந்தார், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இருந்தார். அந்தச் சகோதரியிடம் நீங்கள் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள், ஆசிரியை. பதின்ம வயது மகனையும் உடன் சேர்த்துக்கொள்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும், ஏனெனில் எல்லாக் காப்பகங்களிலும் ஒரே விதிமுறை இருப்பதில்லை. அடுத்தது கைப்பேசி. இருப்பிடத்தைப் பகிரும் வசதி கணவரின் கைப்பேசியோடு இணைந்திருக்கிறதா என்று பார்த்து, அதை எப்போது நிறுத்துவது என்பதைச் சமூக ஊழியரோடு பேசி முடிவு செய்யட்டும். திடீரென்று நிறுத்தினால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும்.

உட்லண்ட்ஸ் வாசகர்:

காயம் ஏற்பட்டால் பலதுறை மருந்தகத்தில் “வழுக்கி விழுந்தேன்” என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதிவைக்கும் குறிப்பு பின்னாளில் நீதிமன்றத்தில் சான்றாக உதவும்.

துணைப்பாட ஆசிரியை, ஈசூன்:

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. கணவர் வேலைக்குச் சென்றிருக்கும் நேரத்தில் தாயாரை என் வீட்டுக்கு வரவழைத்து, என் கைப்பேசியிலிருந்தே அவரைப் பேச வைக்கலாம் என்றிருக்கிறேன். ஒருவேளை அவர் மறுத்துவிட்டால்?

ஓய்வுபெற்ற சமூக ஊழியர்:

வற்புறுத்தாதீர்கள், ஆனால் கதவையும் அடைத்துவிடாதீர்கள். முதல் முறை மறுத்துவிட்டுப் பின்னர் தாமாகவே வந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கைப்பேசியிலிருந்து அழைப்பது நல்ல யோசனை. அவர் மறுத்தாலும் மகனுக்கான உதவியைத் தள்ளிப்போட வேண்டாம். பள்ளி ஆலோசகரிடம் இந்த வாரமே பேசிவிடுங்கள்.