வினாக்கொத்தை மடித்து வைத்த பின்னேரம்

வேலையோடு முதுமாணி படிக்கிறவர்கள் களத்துக்குப் போன கதைகளைச் சொல்லி வருகிறீர்கள். என்னுடையதையும் எழுதிவிடுகிறேன்.

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறு விடியப்புறம் மாங்குளம் சந்திக்கு வந்து, ஏ9 வீதியில் பஸ் பிடித்து யாழ்ப்பாணத்துக்கு விரிவுரைக்குப் போவேன். ஆய்வுக்கு எடுத்தது எங்கள் ஊர்ச் சிறுகுளம். வன்னி என்றதும் எல்லோரும் முதலில் தேடுவது 1895இல் வெளியான லூயிஸின் வன்னி மாவட்டக் கைநூலைத்தான். நானும் அதில்தான் தொடங்கினேன். ஆனால் அது ஆள வந்த அதிகாரி பார்த்த வன்னி. எங்கள் குளக்கட்டுக்கு யார் யார் மண் சுமந்தார்கள் என்பதை ஊரில்தான் கேட்க வேண்டும்.

முன்பு வட்டவிதானையாக, அதாவது குளத்துத் தண்ணீரையும் வயல் வேலைகளையும் மேற்பார்க்கிறவராக, இருந்த ஐயா ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டியவர். முதல்நாள் வினாக்கொத்தை விரித்து, போனில் ஒலிப்பதிவையும் போட்டேன். ஐயாவின் முகம் இறுகிவிட்டது. அலுவலகத்து ஆள் என்று நினைத்துவிட்டார்.

"எந்தக் கந்தோர் பிள்ளை?"

2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் எத்தனை படிவம், எத்தனை பதிவு! நானும் அந்த வரிசைகளில் நின்று பெயர் கொடுத்தவள். தாளோடு வருகிற ஆளைக் கண்டால் அவருக்கு எப்படி இருக்கும் என்பது எனக்கு முதலே விளங்கியிருக்க வேண்டும். தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "எங்கட குளத்தின்ர கதை கேக்க வந்தனான் ஐயா" என்றேன்.

ஐயா ஒரு ஈர்க்கை எடுத்தார். கூட்டிவிட்ட முற்றத்து மணலில் கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, மிஞ்சின தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு எல்லாம் கீறினார். பிறகு கட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தார். வயல் எவ்வளவோ அந்த அளவுக்குக் கட்டில் பங்கு. மழைக்கு முதல் அவரவர் பங்குக்கு அவரவர் மண் போட வேண்டும். ஒரு துண்டில் விரலை வைத்து, "இது எங்கட பங்கு" என்றார்.

அதற்குள் ஐயாவின் மனைவி, அந்த அம்மா, உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். மூன்று பொலித்தீன் பைகளுக்குள் காணிப் பெமிற், அரசாங்கம் காணிக்குக் கொடுத்த அனுமதிப்பத்திரம். "மாத்தளன் மட்டும் கொண்டுபோனது பிள்ளை" என்றபடி என் மடியில் வைத்தார். போரின் கடைசி நாட்களில் சனம் ஒதுங்கிய கடற்கரை அது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் எழுத்து உதிர்ந்திருந்தது. எல்லை விபரத்தில், மேற்கே என்ற சொல்லுக்கு நேரே ஒரு முறிப்பின் பெயர். முறிப்பு என்றால் கட்டு உடைந்துபோன குளம். தண்ணிமுறிப்பு என்ற ஊர்ப்பெயரிலும் அதுதான் இருக்கிறது. எங்கள் ஊருக்கு மேற்கே இப்போது காடுதான். அங்கே ஒரு குளம் இருந்ததாக நான் பிறந்து வளர்ந்தும் கேள்விப்படவில்லை.

"வெட்டு முடியட்டும், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுறன். கண்ணிவெடி எடுத்த பக்கத்தாலதான் போகவேணும்."

காலபோக நெல் வெட்டி முடிய மாசி போய்விட்டது. பங்குனியில் நடந்தோம். முழுநேரமாகப் படித்திருந்தால் தைக்குள் அந்த அத்தியாயத்தைக் கொடுத்திருப்பேன், முறிப்பு அதில் இருந்திராது. பகுதிநேரப் படிப்பு இழுபடுகிறதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது: ஊரோடு இருக்கிறவருக்கு இன்னொரு போகம் வரை காத்திருக்க முடியும்.

ஆய்வு முன்வைப்பில் ஒருவர், "வாய்மொழிதானே, எழுத்துச் சான்று எங்கே?" என்று கேட்டார். பெமிற்றின் எல்லை விபரத்தைத் திரையில் காட்டினேன்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் பழைய பெமிற், காணி உறுதி இருந்தால் எல்லை விபரம் எழுதிய பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். அந்த அம்மாவின் தாளில் கிழக்கு எல்லை இப்போதே வாசிக்க முடியாமல் போய்விட்டது.