ஆறு கடைக்கு ஒரு பில்லிங் மென்பொருள்: தனித்தனிப் பிரதியா, ஒரே மையமா?

உப்புவெளி_கோடர்:
நிலாவெளிப் பக்கம் மூண்டு ஹோட்டல், டவுனில ரெண்டு ஹார்ட்வெயார், ஒரு பார்மசி. ஆறுக்கும் கிட்டில (Git, கோட் மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கருவி) ஆறு கிளை, அதாவது ஆறு தனிப் பிரதி, பிரிச்சாச்சு. இனி ஒண்டாக்கிறதா, இப்பிடியே விடுறதா?

கடற்கரைவீதி:
ஒண்டாக்குங்கோ. 2024 ஜனவரி 1இல இலங்கையில வாட் வரி 15இலிருந்து 18 வீதமானது. 0.15 எண்டு கோடுக்குள்ள எழுதிக் கிடந்தால் ஆறு கிளையிலயும் திருத்தி, ஆறு தரம் சோதிக்க வேணும். ஒரு கிளையில செய்த திருத்தத்தை மட்டும் மற்றதுக்கு எடுக்கிற செர்ரி-பிக் செய்யலாம்தான். ஆனால் கிளையள் விலக விலக கொன்ஃபிளிக்ட் (ரெண்டு மாற்றம் ஒரே இடத்தில மோதுறது) கூடும், எந்தத் திருத்தம் எங்க போகேல்ல எண்டும் தெரியாது.

வீதத்தை அட்டவணையில வையுங்கோ: 15, 2022-09-01 முதல், 18, 2024-01-01 முதல். திருப்பி எடுக்கிற சாமானுக்கு மூல பில்லின்ர திகதியைத்தான் பார்க்க வேணும். இல்லாட்டி டிசம்பரில வித்த பெயின்ற் வாளிக்கு ஜனவரியில 18 வீதத்தில கிரெடிட் நோட் போகும்.

பழைய_கொம்பைலர்:
தம்பி, வரிக்குச் சரி. மற்ற வித்தியாசமெல்லாம் ஃபிளாக், அதாவது கோடுக்குள்ள ஓன்/ஓஃப் சுவிட்ச், ஆகும். பத்து ஃபிளாக் எண்டால் 1024 சேர்க்கை, ஆர் சோதிக்கிறது? 2012இல நைட் கபிட்டல் எண்ட அமெரிக்கப் பங்கு வியாபாரக் கொம்பனி பழைய ஃபிளாக்கைப் புது வேலைக்குப் பாவிச்சது. எட்டு சேர்வரில ஒண்டுக்குப் புதுக் கோட் போகேல்ல, அங்க கைவிட்ட கோட் ஓடத் தொடங்கி, முக்கால் மணித்தியாலத்தில 44 கோடி டொலருக்கு மேல நட்டம்.

கடற்கரைவீதி:
செத்த ஃபிளாக்கை அழிச்சிருந்தால் அது நடந்திராது அண்ணை. 1024ஐயும் ஆரும் சோதிக்கிறேல்லை. விக்கிற ஆறு சேர்க்கையை ஆறு கொன்ஃபிக் (அமைப்பு விபரம்) கோப்பா ரெப்போவில, கோட் இருக்கிற களஞ்சியத்தில, வைச்சு, ஒவ்வொரு கொமிட்டுக்கும் (பதியிற மாற்றத்துக்கும்) ஆறுக்கும் சோதனை ஓட்ட வேணும். வேற சேர்க்கை வந்தால் மென்பொருள் தொடங்கவே கூடாது.

பழைய_கொம்பைலர்:
பிரிண்டர்? 58 மிமீ தாளில அகலத்துக்கு 384 புள்ளி, 80இல 576. தமிழைப் படமாத்தான் அனுப்ப வேணும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு இஃப் (‘இந்தக் கடையெண்டால் இப்பிடிச் செய்’ எண்ட வரி) போட்டால் மையம் குப்பைதான்.

கடற்கரைவீதி:
அகலத்தைக் கொன்ஃபிக்கில இருந்து வாசிச்சால் இஃப் எதுக்கு? மையத்துக்குள்ள வாடிக்கையாளர் பேரைத் தேடிப் பாருங்கோ, ஒண்டும் வரக்கூடாது.

பழைய_கொம்பைலர்:
பார்மசியைச் சேர்க்க நான் ஒத்துக்கொள்ளமாட்டன். பேட்ச் இலக்கம், காலாவதித் திகதி எல்லாம் ஸ்டொக் கணக்கின்ர அடியிலயே மாறுது. அது வேற சாமான்.

கடற்கரைவீதி:
ஸ்டொக்கைப் பிரியுங்கோ. வரியும் பிரிண்டும் அதுக்கும் மையத்தில இருந்துதான் போக வேணும்.

உப்புவெளி_கோடர்:
அப்ப வரி, பிரிண்டர் ரெண்டும் முதல்ல, ஹார்ட்வெயார் கடையளில. ஹோட்டலுக்கு சீசன் முடிஞ்சு நவம்பரில. பார்மசி ஸ்டொக்கில கை வைக்கேல்ல.