வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறவர்கள்: ஒரு சாதாரண நாளில் உங்களுக்கு எது மனநிறைவு?

கொக்குவில்_அம்மா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாடத்திட்டம், சோதனை, சட்டம் பற்றிக் கேட்க வரவில்லை. அதெல்லாம் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் கேட்பது வேறு.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கின வருடம்தான் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். பிறகு 2022 இல் பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை, திரும்பவும் மூடினார்கள். அப்படி வீட்டில் தொடங்கின படிப்பு பிடித்துப்போய் அப்படியே தொடர்கிறது, சின்னவளும் இப்போது அதே மேசையில்தான். கோயிலில், சந்தையில், கலியாண வீட்டில், செத்த வீட்டில்கூட, "பிள்ளை ஸ்கொலர்சிப் எடுக்கேல்லையோ?" என்று அந்த ஐந்தாம் வகுப்புச் சோதனையைக் கேட்கிறார்கள். அதற்குச் சிரித்துவிட்டுப் போகப் பழகிவிட்டேன்.

எனக்கு எது மனநிறைவு என்று நானே முதலில் சொல்லிவிடுகிறேன். விடியக் காலையில் மூத்தவன் திருவலையில் இருந்து சம்பலுக்குத் தேங்காய் திருவுவான், திருவிக்கொண்டே வாய்ப்பாடு சொல்லுவான், ஏழெட்டில் வந்து எப்போதும் தடுக்குப்படுவான். குசினிக்குள் இருந்து அம்மம்மா எடுத்துக் கொடுப்பா. அவவுக்கு அவவின் அப்பா சொல்லிக்கொடுத்த கீழ்வாய்க் கணக்கு, அதாவது பழைய பின்னக் கணக்கு, இன்னும் மனப்பாடம்: அரை, கால், அரைக்கால் (எட்டில் ஒன்று), மாகாணி (பதினாறில் ஒன்று). போன கிழமை அவன் காணி உறுதியில் "பரப்பு" என்று கண்டுவிட்டு அது எவ்வளவு என்று கேட்டான். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று நான் சொன்னேன். "அப்ப ஒரு பரப்பு எண்டால் ஏக்கரிலை மாகாணி" என்று அம்மம்மா உள்ளேயிருந்து சொன்னா. எங்களுடையது இரண்டு பரப்பு, அப்படியென்றால் அரைக்கால் ஏக்கர். அவன் தேங்காயை விட்டுவிட்டு, திருவின கையோடு முற்றத்தை ஒருதரம் பார்த்தான். பின்னம் அவனுக்கு அன்றைக்குத்தான் விளங்கினது. எந்தக் கொப்பியிலும் நான் அதைத் திட்டம் போட்டு வைத்திருக்கவில்லை.

ஆனால் பத்து மணிக்குப் பிறகு அதே வீடு வேறு மாதிரி. பருப்பு அடிப்பிடிக்கும், சின்னவள் எழுத்துக்கு அழுவாள், உடுப்புத் தோய்க்கக் கிடக்கும், இன்றைக்கு என்ன நடந்தது என்று இவர் வந்து கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாதது போல இருக்கும். நேற்றைப் போலவே இன்று, நாளைக்கும் இதுதான். பின்னேரம் விளக்கு வைத்துத் தேவாரம் படித்து முடிய, இன்றைக்கு எதற்குச் சாமிக்கு நன்றி சொல்லப்போகிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்பேன். சின்னவள் மாதக்கணக்காக ஒரே பதில்தான் சொல்லுகிறாள்: பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி.

உங்கள் வீட்டில் எப்படி? எதைக் கண்டால் "இது போதும்" என்று தோன்றும்? சலித்துப்போகாமல் அதை எப்படி வைத்துக்கொள்கிறீர்கள்?

---

சைக்கிள்_அண்ணை:

அப்பாமாரும் பதில் எழுதலாம்தானே? எங்கள் வீட்டில் படிப்பிக்கிறது மனிசி. எனக்கு ரவுணில் கடையில் வேலை, நல்லூரிலிருந்து சைக்கிளில்தான் போய்வருவேன், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போவேன். முந்தி மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவள் வந்து உடனே ரியூசனுக்குப் போவாள், நான் வர அவள் படுத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமைதான் முழுப் பிள்ளையாகக் காண்பது. இப்போது மத்தியானச் சோறு மூன்று பேரும் ஒன்றாக, நிலத்தில் பாய் போட்டு. எனக்கு அதுதான். வேறு ஒன்றும் யோசித்துக் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

ஒரு சம்பவம் எழுதுகிறேன். போன சித்திரை வருடப்பிறப்போடு ஒரு நாள் நான் படலையைத் திறந்துகொண்டு வர, தாயும் மகளும் கொளுத்துகிற வெயிலில் முற்றத்தில் குந்தியிருக்கிறார்கள். நடுவில் ஒரு தடியை நட்டு, அதன் நிழல் முடிகிற இடத்தில் எல்லாம் கல்லு வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வரும், 12 மணி அடித்து ஒரு பத்து நிமிடம் போக. நிழல் குறைந்து குறைந்து தடியின் காலுக்குள்ளேயே போய்விட்டது. "அப்பா, நிழலைக் காணேல்லை!" என்று கத்தினாள் பாருங்கள். பிறகு, ஏன் 12க்கு வராமல் பிந்தி வந்தது என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தாய்தான் சொன்னா: இலங்கை நேரம் எங்களுக்குக் கிழக்கே, கடலுக்கு மேலால் போகிற நெடுங்கோடு ஒன்றை வைத்துக் கணக்குப் பார்க்கிற நேரமாம், அதனால் எங்களுக்குச் சூரியன் கொஞ்சம் பிந்தித்தான் உச்சிக்கு வரும். இத்தனை வயதுக்கு நான் அன்றைக்குத்தான் அதைப் படித்தேன், சோறு ஆறிப்போனது வேறு கதை.

மனிசிக்கு வாய்திறந்து நன்றி சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டுப் பக்கம் இல்லை, சொன்னால் என்ன பிழை விட்டீர்கள் என்று கேட்பா. சாப்பிட்ட கோப்பைகளை நான் கழுவி வைத்துவிட்டுப் போகிறேன், அவவுக்கு விளங்கும்.

---

கணித_வாத்தி:

அக்கா, குறை நினைக்காதையுங்கோ, நான் கொஞ்சம் நேரடியாகவே எழுதுகிறேன். நான் ரியூசன் படிப்பிக்கிறவன். விடியவே வந்து வாங்கில் இருந்து கொட்டாவி விடுகிற பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவன், ஆகவே உங்கள் திருவலைக் கதையைப் படிக்கப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் பின்னம் படிப்பிக்க வட்டம் கீறிக் கேக் வெட்டுகிறேன், எங்களில் எத்தனை பேர் வீட்டில் கேக் வெட்டுகிறோம்? காணி உறுதி எல்லார் வீட்டு அலுமாரியிலும் கிடக்கிறது. இதை நான் வகுப்பில் எடுக்கப்போகிறேன், முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

ஆனால் ஒன்று. நிம்மதியாக இருக்கிறோம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளாதீர்கள். கட்டாயக் கல்வி வயது 5 முதல் 16 வரை என்பது தெரிந்திருக்கும், ஆகவே வலயக் கல்விப் பணிமனையில் நேரே போய்க் கதைத்து, என்ன சொல்லுகிறார்களோ அதை எழுத்தில் வாங்கி வையுங்கள். மற்றது, பிள்ளைக்குப் பிள்ளை வேண்டும். தம்பிக்குத் தங்கச்சியும் அம்மம்மாவும் எவ்வளவு நல்ல துணை என்றாலும், சண்டை பிடித்து, அவுட் இல்லை என்று அடம்பிடித்து, அடுத்த நாள் சேருவதற்கு அவன் வயதில் நாலு பேர் வேண்டும். பொது நூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அறநெறிப் பாடசாலை இருக்கிறது, உங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் கட்டாயம் ஒரு வெறும் வளவும் அதில் ஒரு கிரிக்கெட்டும் இருக்கும். மனநிறைவைப் பற்றிக் கேட்டீர்கள், நான் புத்தி சொல்லிக்கொண்டு நிற்கிறேன். வாத்திக்குப் பழக்கதோசம்.

---

பனிக்குள்_யாழ்ப்பாணத்தாள்:

ரொறன்ரோவிலிருந்து. நாங்களும் மூன்று பிள்ளைகளை வீட்டில்தான் படிப்பிக்கிறோம். இங்கே வருடம் தொடங்க முதல் பள்ளிச் சபைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் சரி, சட்டப்படி பெரிய சிக்கல் இல்லை. நிறைய வீட்டுப்பள்ளிக் குடும்பங்கள் இருக்கின்றன, குழுவாகச் சந்திக்கிறோம், எல்லாம் இருக்கிறது. கொக்குவில் அக்கா, உங்களிடம் இருக்கிற ஒன்றுதான் இல்லை: குசினிக்குள் இருந்து வாய்ப்பாடு எடுத்துக் கொடுக்கிற ஆள். அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் கதை சொல்லச் சொன்னால், அவ அங்கே இரவு, நித்திரை தூங்கி விழுந்துகொண்டு சொல்லுவா. அப்படியும் விடாமல் சொல்லுவா. மாசியில் வெளியே பனி கொட்ட, மேசையில் என் கடைசி மகன் அம்மம்மா சொன்ன நரிக்கதையைத் தன்னுடைய தமிழில் தமக்கைக்குத் திருப்பிச் சொல்லுவான், நரி பனிக்குள் சறுக்கி விழும். எனக்கு அது போதும்.

---

தென்மராட்சி_ரீச்சர்:

பிள்ளை, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உம்முடைய கேள்வியை நேற்றிரவு வாசித்துவிட்டு இன்றைக்குத்தான் எழுத முடிந்தது.

1995 ஐப்பசி முடிவில் போரால் வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து எங்கள் பக்கம் வந்தது உமக்கு நினைவிருக்க வயது காணாது. எங்கள் வீட்டில் விறாந்தை, மாட்டுக்கொட்டில், கிணற்றடி எல்லா இடமும் சனம். பள்ளிக்கூடங்களிலும் சனம், ஆகவே மாமரத்துக்குக் கீழே நான் பிள்ளைகளை இருத்தினேன், வயது பிரிக்க வழியில்லை, பெரியது சின்னதுக்குச் சொல்லிக்கொடுக்கும். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. மண்ணெண்ணெய் விலை உமக்குச் சொன்னால் நம்பமாட்டீர், துளித்துளியாகத்தான் விடுவோம். அதையும் வீட்டில் படிப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அதை யாரும் விரும்பித் தெரிவு செய்யவில்லை. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் என்னிடம் கேட்டது ஸ்கொலர்சிப் இல்லை. "ரீச்சர், எப்ப வீட்டை போகலாம், கிணத்தடியிலை குளிச்சு, எங்கடை குசினியிலை சமைச்சு, நேற்றைய மாதிரியே ஒரு நாள் எப்ப வரும்" என்று கேட்பார்கள். நீர் சலிப்பு என்று எழுதினதை வாசிக்க எனக்கு அந்த முகங்கள்தான் வந்தன.

இதை உமக்குச் சொல்லுகிறேன், உம்முடைய பிள்ளைகளுக்குச் சொல்லாதேயும். "நாங்கள் பட்ட பாடு தெரியுமோ, நீங்கள் நன்றியோட இருக்கவேணும்" என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் சிலரை எனக்குத் தெரியும், அவர்களுக்கு வீட்டின் மேல் அன்பு வரவில்லை, கடன்தான் வந்தது. விளக்கடியில் நன்றி சொல்லச் சொல்லிக் கேட்பதும் எனக்கு அவ்வளவு பிடிப்பில்லை, பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லப் பழகிவிடும். சும்மா இருக்க விடும். தேங்காய் திருவட்டும்.

கணித வாத்தித் தம்பி சொன்னதில் விளையாட்டுப் பற்றின பகுதி சரி.

---

கொக்குவில்_அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ரீச்சர், உங்களுடையதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவவும் அந்த இடப்பெயர்வில் நடந்து சாவகச்சேரிக்கு வந்தவதான், என்னைக் கையில் பிடித்துக்கொண்டு. ஒன்றும் சொல்லவில்லை, "மாமரத்தடியோ" என்று மட்டும் கேட்டா. உங்களோடு ஒரு விடயத்தில் மட்டும் ஒத்துப்போக மாட்டேன்: விளக்கடிக் கேள்வியை நான் விடப்போவதில்லை. எங்கள் சின்னவள் பெரியவர்களுக்குப் பிடித்ததைச் சொல்லுகிற ஆளாக இருந்தால் இத்தனை மாதம் ஆட்டுக்குட்டியையே சொல்லிக்கொண்டிருப்பாளா? பெரியவன்தான் கொஞ்சம் யோசித்து, நல்ல பிள்ளை மாதிரிப் பதில் சொல்லுவான். அவனிடம் கேட்பதை வேண்டுமென்றால் நிறுத்திப் பார்க்கிறேன்.

சைக்கிள் அண்ணை, அந்தத் தடி வேலையை வாற சித்திரைக்கு நாங்களும் செய்யப்போகிறோம். அதற்கு முதல் மாரிக்கு வழுக்கையாறு ஓடினதைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனோம். யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த மூத்தவன், ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு "இது வாய்க்கால்" என்று விட்டான். இன்னும் வழக்குத் தீரவில்லை.

வாத்தி, பணிமனைக்கு இவர் போய்வந்துவிட்டார், எழுத்தில் தருவதற்கு இன்னும் அலைய வேண்டும் போலிருக்கிறது, அலைவோம். பிள்ளைக்குப் பிள்ளை வேண்டும் என்றது உண்மை. அதற்குத்தான் ஆவணியில் ஒரு வேலை பார்த்தோம். அம்மம்மா பனாட்டுக்குப் பிழிந்துவிட்டுப் போட்ட பனங்கொட்டைகளை எல்லாம் சேர்த்து, வேலியோரம் பாத்தி போட்டு, ஒழுங்கையில் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு வரிசை பிரித்துவிட்டோம். பள்ளிக்கூடம் விட்டு வருகிறதுகள் நேரே வேலிக்குத்தான் வரும், தன்னுடைய வரிசையை எட்டிப் பார்க்கும், பிறகு கிரிக்கெட்டுக்கு ஆள் சேரும். எங்களுடையவனுக்குப் பந்து போட வராது என்பது இப்போது ஒழுங்கைக்கே தெரியும்.

இப்போது தை, பனங்கிழங்கு கிண்டுகிற நேரம். நேற்று ஒரு வரிசை கிண்டினோம். கிழங்கை முறித்தெடுத்த பிறகு கொட்டையைக் கத்தியால் பிளந்தால் உள்ளே பூரான் இருக்கும், வெள்ளையாக, பஞ்சு மாதிரி மெத்தென்று, கடித்தால் இலேசான இனிப்பு. பெரிய பிள்ளைகள் பிளந்து கொடுக்க, சின்னதுகள் வரிசையில் நின்று வாங்கித் தின்றுகொண்டு, யாருடைய கொட்டையில் பெரிய பூரான் என்று ஒரே சண்டை. கிழங்கில் பாதியை அவித்துவிட்டோம், மீதியை அம்மம்மா கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டிருக்கிறா, வெயில் இப்படியே அடித்தால் கூழுக்கு மா சரி. கூழுக்கு மீனும் நண்டும் வாங்குகிற செலவு யாருடையது என்று இவரும் பக்கத்து வீட்டு அண்ணையும் இப்போதே கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.