800 வண்டி இன்டேக் மேனிஃபோல்டுல விரிசல்: மாத்துனவங்க சொல்லுங்க

தண்டையார்பேட்டை 800:

பழைய வண்டி வச்சிருக்கவங்க நம்ம வட சென்னை ஏரியால நிறைய பேர் இருக்கீங்க, அதான் எழுதுறேன். இன்டேக் மேனிஃபோல்டுன்னா காத்தும் பெட்ரோலும் எஞ்சினுக்குள்ள போற அலுமினிய குழாய், கார்புரேட்டர் அது மேலதான் உக்காந்திருக்கும். என்னுது 98 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலக்குற பார்ட்) வச்ச வண்டி, அப்பா வாங்குனது, விக்க மனசு வரல. போன மழை சீசன் முடிஞ்சதுல இருந்து ஒரு மாதிரி ஓடிட்டு இருந்துச்சு, காலைல ஸ்டார்ட் பண்ணா ஒழுங்கா நிக்கும், சூடானதும் ஐடில் (ஆக்சிலேட்டர் மிதிக்காம எஞ்சின் ஓடுற வேகம்) ஏறும் இறங்கும், சிக்னல்ல நின்னா பொசுக்குனு ஆஃப் ஆயிடும், சோக்க (காத்த கொறச்சு பெட்ரோல கூட்டுற லீவர்) லேசா இழுத்து வச்சா மட்டும் ஆஃப் ஆகாம ஓடும். திருவொற்றியூர் ஹைரோட்ல முன்னாடி பின்னாடி கன்டெய்னர் லாரி நிக்க நடுவுல வண்டி ஆஃப் ஆனா எப்படி இருக்கும்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல.

காட்டுன இடத்துல எல்லாம் கார்புரேட்டர் மேலதான் பழி. ஜெட் க்ளீன் பண்ணாங்க, கிட் மாத்துனாங்க, பெட்ரோல் அளவ கூட்டிக் கொறைக்கிற மிக்சர் ஸ்க்ரூவ தொறந்து விட்டாங்க, ரெண்டு நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவ தெறடி. ஆனா சூடான எஞ்சின் சோக் இழுத்தாதான் நிக்குதுன்னா அதுக்கு பெட்ரோல் பத்தல, இல்லன்னா எங்கயோ இருந்து எக்ஸ்ட்ரா காத்து உள்ள போகுதுன்னுதான அர்த்தம், அத ஒருத்தரும் யோசிக்கல.

கடைசில கொருக்குப்பேட்டைல ஒரு வயசான மேஸ்திரி. பானட்ட தொறந்தாரு, கார்புரேட்டர தொடவே இல்ல. ஒரு ரப்பர் ஓஸோட ஒரு முனைய காதுல வச்சுக்கிட்டு இன்னொரு முனைய மேனிஃபோல்டு சுத்தி நகத்திக்கிட்டே வந்தாரு, கார்புரேட்டர் உக்காருற இடத்துக்குக் கீழ வந்ததும் கண்ண மூடிக்கிட்டு நின்னுட்டாரு. அப்புறம் மெடிக்கல்ல விக்கிற சிரிஞ்சுல தண்ணி எடுத்து அந்த எடத்துல சொட்டு சொட்டா விட்டாரு. தண்ணி கீழ வழியல, உள்ள இழுத்துக்கிச்சு, உஸ்ஸுன்னு வந்த சத்தம் கொஞ்ச நேரம் நின்னு ஐடில் சட்டுனு மாறுச்சு. "கார்புரேட்டர்ல ஒண்ணும் இல்ல தம்பி, அது குந்தியிருக்கிற சட்டிதான் போச்சு"ன்னாரு, மேனிஃபோல்டத்தான் சொன்னாரு. சில பேர் இதுக்கு கார்ப் க்ளீனர் ஸ்ப்ரே அடிப்பாங்க, அதுலயும் எஞ்சின் வேகம் மாறும், ஆனா சூடான சைலன்சர் பைப் பக்கத்துல அத அடிக்கிறது எனக்கு சரியாப் படல.

கழட்டிப் பாத்தப்பதான் விஷயம் தெரிஞ்சது. கார்புரேட்டர் 800ல மேனிஃபோல்டுக்கு உள்ளயே ரேடியேட்டர் தண்ணி ஓடுற வழி ஒண்ணு இருக்கு, பெட்ரோல் நல்லா ஆவியாகட்டும்னு அந்த சூடு. அந்த தண்ணி வழி முழுக்க வெள்ளை வெள்ளையா உப்பு மாதிரி பொடி, விரலால தேச்சா உதிருது, அலுமினியம் அரிச்சு குழி குழியா இருக்கு, விரிசல் அங்க இருந்துதான் கெளம்பி வெளில வந்திருக்கு. ரேடியேட்டர்ல தண்ணி கொறையும் ஆனா கீழ சொட்டாது, அதுக்கும் காரணம் இதுதான், எஞ்சினே குடிச்சிருக்கு.

ஏன்னா எங்க வீட்ல வருஷக்கணக்கா ரேடியேட்டருக்கு ஊத்துனது போர் தண்ணி. கடலோரம் நம்ம பக்கத்து போர் தண்ணி எப்படி இருக்கும்னு தெரியும், மீஞ்சூர் பக்கம் கடல்தண்ணி நிலத்துக்குள்ள ஏறுனது எல்லாம் பல வருஷமா பேசுறதுதான். அந்த உப்பு அலுமினியத்த சும்மா விடாது. கேன் தண்ணி ஊத்துனா மட்டும் தப்பிச்சோம்னு நெனைக்காதீங்க, துரு புடிக்காம தடுக்குற மருந்து கூலண்ட்லதான் இருக்கு. நம்ம ஊர்ல எங்க பனி உறையப் போகுது, கூலண்ட் எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில்.

புது பார்ட் ஜிபி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல கேட்டேன், கார்புரேட்டர் மாடலுக்கு இல்லன்னுட்டாங்க, பழைய பார்ட் விக்கிற புதுப்பேட்டைக்குப் போனேன். அங்க எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்கிற மாடல்) மேனிஃபோல்ட எடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்"னு நீட்டுவாங்க, கார்புரேட்டர் உக்காருற சீட்டு இருக்கான்னு பாத்து வாங்குங்க. நான் ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்குற மெல்லிசு தகடுங்க) எடுத்துட்டுப் போயிருந்தேன், ஃப்ளேஞ்ச் (எஞ்சினோட ஒட்டி உக்காருற தட்டையான முகம்) மேல ஸ்கேல நிக்க வச்சு அடியில வெளிச்சம் தெரியுதான்னு பாத்தேன். தண்ணி வழிய ஒரு பக்கம் அடைச்சு மண்ணெண்ணெய் ஊத்தி கொஞ்ச நேரம் வச்சா மயிர் அளவு விரிசல் கூட கசிஞ்சு காட்டிக் குடுத்துடும். கடைக்காரர் மொறச்சாரு, பரவால்ல.

மாட்டுறதுல பெரிய வித்தை எதுவும் இல்ல, பொறுமைதான் வேணும். பேட்டரி ஒயர் கழட்டி, தண்ணி எறக்கி, ஒவ்வொரு வேக்குவம் ஓஸுக்கும் டேப் ஒட்டி நம்பர் போட்டுட்டு போட்டோ எடுத்துக்கோங்க. கீழ் நட்டுங்களுக்கு மொதநாள் ராத்திரியே துரு எளக்குற எண்ணெய் விட்டு வைங்க, இல்லன்னா ஸ்டட் (நட்டு ஏறுற கம்பி) ஒடிஞ்சு எஞ்சின் ஹெட்டுக்குள்ளயே நின்னுக்கும். நடுவுல கசியாம இருக்க வைக்கிற பழைய பேக்கிங்க சொரண்டும்போது போர்ட்ல (எஞ்சினுக்குள்ள போற ஓட்டை) துணி அடைச்சுட்டு சொரண்டுங்க. நட்டுங்கள டைட் பண்றது நடுவுல இருந்து வெளிப்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா, சுமார் 20 நியூட்டன் மீட்டர் போதும், முழு பலத்த காட்டாதீங்க. மாட்டி முடிச்சு ஸ்டார்ட் பண்ணா ஒரே பெட்ரோல் நாத்தம், கருப்பு புகை! முன்னாடி ஆளாளுக்கு தொறந்து விட்ட மிக்சர் ஸ்க்ரூ அப்படியே இருந்துச்சு, மேஸ்திரி அத பழைய படி மூடுனதும் அடங்குச்சு.

வியாசர்பாடி லேத்:

தம்பி, நல்லா எழுதியிருக்கீங்க. எங்க பட்டறைக்கு இந்த மாதிரி மேனிஃபோல்டு அடிக்கடி வரும், ஆர்கான் வெல்டிங் போட்டுக் குடுங்கன்னு. வெளிப்பக்கம் போல்ட் மாட்டுற காது ஒடிஞ்சது, போல்ட் ஓட்டை கிட்ட விரிசல், இதெல்லாம் தாராளமா போடலாம். தண்ணி ஓடி அரிச்ச இடத்துல நான் வேணாம்னுதான் சொல்லுவேன். எவ்ளோ கழுவுனாலும் உள்ள ஊறுன உப்பும் எண்ணெயும் போகாது, ஆர்க் புடிச்சதும் கொதிச்சு மேல வரும், வெல்டு பூரா பணியாரம் மாதிரி பொத்தல் பொத்தலா நிக்கும். பாக்க அழகா தேச்சுக் குடுத்துடலாம், ஒரு மாசத்துல திரும்ப கசியும். இன்னொண்ணு, வெல்டு போட்டா ஃப்ளேஞ்ச் கண்டிப்பா வளையும், ஃபேஸிங் (மிஷின்ல சீவி சமமாக்குறது) பண்ணாம மாட்டுனா பேக்கிங் தாங்காது. வெல்டிங்குக்கு காசு குடுப்பாங்க, ஃபேஸிங்குக்கு கேட்டா "அது எதுக்குண்ணே"ன்னு பேரம்.

பெரம்பூர் அம்பாசடர்:

எங்க மாமனாரோட அம்பாசடர், பழைய 1489 சிசி பிஎம்சி எஞ்சின். இதுல இன்டேக், எக்ஸாஸ்ட் (புகை வெளில போற மேனிஃபோல்டு) ரெண்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங், நடுவுல இருக்கிற நட்டு வாஷர் ரெண்டையும் சேத்துப் புடிக்கும். இன்டேக் காத்து இழுக்குதுன்னு நாங்க மேனிஃபோல்டு தேடிட்டு இருந்தோம், மாமா என்ன பண்ணாருன்னா ரெண்டோட ஃப்ளேஞ்சும் எவ்ளோ கனம் இருக்குன்னு வெர்னியர் வச்சு அளந்தாரு. யாரோ வேற வண்டி எக்ஸாஸ்ட்ட மாட்டி வச்சிருக்காங்க, அது கொஞ்சம் தடிமன், அதனால வாஷர் எக்ஸாஸ்ட்ட மட்டும் அமுக்குது, இன்டேக் லூஸாவே நிக்குது. கனத்த சமம் பண்ணி புது பேக்கிங் போட்டதும் சரியாயிடுச்சு, விரிசலே இல்ல. அதனால அம்பாசடர்காரங்க மேனிஃபோல்டுக்கு காசு போடுறதுக்கு முன்னாடி இத பாத்துடுங்க.

மாதவரம்:

பிளாஸ்டிக் மேனிஃபோல்டு வண்டிக்காரங்க யாருமே பேசலையே. என்னுதுல போல்ட்ட ஏர் கன் வச்சு ஏத்துனதுல காது பொளந்துடுச்சு. எம்சீல், அரால்டைட் எல்லாம் அடிச்சுப் பாத்தாச்சு, அந்த நைலான்ல எதுவும் புடிக்கல, சூடு ஏறி எறங்குனதும் உரிஞ்சு வந்துடுது. செக் எஞ்சின் லைட்டும் எரியல, ஐடில் மட்டும் ஏறியே கெடந்துச்சு, மேப் சென்சார் (மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தத்த அளக்குறது) வண்டில அப்படித்தான் ஆகும்னு ஸ்கேனர் வச்சிருந்த பையன் சொன்னான். பார்ட் மாத்துனேன், வேற வழி இல்ல.

தண்டையார்பேட்டை 800:

லேத் அண்ணே, ஒரு சந்தேகம். என் பழைய மேனிஃபோல்ட தூக்கிப் போடல. கார்புரேட்டர் சீட்டு ஸ்டட்டு எல்லாம் நல்லா இருக்கு, தண்ணி வழிய ரெண்டு பக்கமும் ப்ளக் அடிச்சுட்டு ஓஸ பைபாஸ் பண்ணா இந்த ஊர் வெயிலுக்கு ஓடும்னு ஒருத்தர் சொல்றாரு. பண்ணலாமா?

வியாசர்பாடி லேத்:

சூடு நம்ம ஊருக்கு பத்தும். ஆனா காத்து இழுக்குற விரிசல் அப்படியே தான இருக்கும்? ப்ளக் தண்ணிய நிறுத்தும், காத்த நிறுத்தாது. அத எடைக்குப் போட்டுட்டு வேற வேலைய பாருங்க.