சுவிஸில் பனிமலை ஏறிப் பழகியவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே, திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். என் தம்பி சுவிஸில் இருக்கிறான். வருகிற சனிக்கிழமை நண்பர்களோடு பாதை இல்லாத மலைச்சரிவில் ஏறப் போகிறானாம்.

போன கிழமை அனுப்பிய வீடியோவில், அவன் கால் வைத்ததும் பனி 'வும்' என்று அமுங்கியது. காலடியிலிருந்து ஒரு வெடிப்பு நீளமாக ஓடியது. அவன் சிரிக்கிறான். எனக்கு நித்திரை போய்விட்டது. தேடிப் படித்தேன். அடியில் இருக்கும் பலவீனமான படை நொறுங்கும் சத்தமாம் அது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவென்றால் மேல்படை பலகை போல அப்படியே வழுக்கி வரும்; அதுதான் பனிச்சரிவு.

சுவிஸின் டாவோஸ் ஊரிலுள்ள பனிச்சரிவு ஆய்வு நிலையம் மாலை 5 மணிக்கு விடும் அறிக்கையில் அந்தப் பக்கம் பனிச்சரிவு ஆபத்து 3ஆம் நிலை. "ஐந்தில் மூன்றுதானே அக்கா" என்கிறான். அந்த மூன்றில்தான் நிறையப் பேர் சாகிறார்கள் என்றால் கேட்கிறானில்லை.

அங்கே இருக்கும் அண்ணாமார், அக்காமார் யாராவது வெள்ளிக்கு முன் அவனோடு கதைப்பீர்களா? பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவியும் சவலும் வாங்கிவிட்டானாம், பழகவில்லை. புதைந்தவரை 15 நிமிடத்துக்குள் எடுக்க வேண்டுமே! தொடக்கப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள். அவன் நம்பரை உள்பெட்டியில் தருகிறேன்.